இழை: கொழுப்பு ரத்தக்குழாயை அடைக்கிறதோட சரியா, இல்ல செல்லுக்குச் சேதியும் சொல்லுதா? (எஸ்1பி, எச்டிஎல், ஃபிங்கோலிமாட்)

#1 கடலோடி

எல்லாருக்கும் வணக்கம். பயோகெமிஸ்ட்ரி எம்எஸ்சி முடிச்சுட்டு பிஎச்டிக்கு லேப் தேடிட்டு இருக்கேன். ரத்தக்குழாய்ல லிப்பிட் சிக்னலிங் பண்ற ஒரு லேப்ல பேசிப் பாக்கலாம்னு இருக்கேன், முக்கியமா ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட், அதாவது எஸ்1பி. பேப்பர் நிறைய எறக்கி வெச்சிருக்கேன், ஆனா அடிப்படையே கொஞ்சம் இடிக்குது. கொழுப்புன்னா நாம படிச்சது ஒண்ணு சவ்வு கட்ட, இன்னொண்ணு எனர்ஜிக்கு சேத்து வைக்க, மிஞ்சினா ரத்தக்குழாய்ல படிஞ்சு அடைக்க. இது எப்ப சிக்னல் ஆச்சு, தண்ணில கரையாத ஒரு பொருள் ரத்தத்துல எப்படி ஒரு செல்லுல இருந்து இன்னொரு செல்லுக்குப் போய் சேருது, சரி போய் சேந்தாலும் ரத்தம் முழுக்க அது இருக்கும்போது செல்லுக்கு அதுல என்ன புதுசா தெரியப் போகுது? இந்த ஃபீல்டுல இருக்கறவங்க யாராவது பொறுமையா சொன்னா நல்லாருக்கும்.

#2 நுண்ணோக்கி

கடலோடி, நான் எண்டோதீலியல் செல் (ரத்தக்குழாயோட உள்சுவர்ல படிஞ்சிருக்கற செல்) வெச்சுத்தான் பல வருஷமா வேலை பாக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், மன்னிக்கணும்.

கொழுப்பு சேதி சொல்லும்ங்கறது புது விஷயம் இல்லப்பா. 1953லயே மேபல் ஹோக்கின், லோவல் ஹோக்கின் ரெண்டு பேரும் கணையத் துண்டுகள்ல அசிட்டைல்கோலின் ஊத்தி, கூடவே ரேடியோ பாஸ்பரஸ் போட்டுப் பாத்தாங்க. அந்த பாஸ்பரஸ் ஃபாஸ்ஃபோலிப்பிட்ல போய் ஏறிக்கிச்சு. அதாவது வெளில இருந்து ஒரு தூண்டல் வந்ததும் சவ்வுல இருக்கற கொழுப்பு உடைஞ்சு திரும்பக் கட்டப்படுது. அதோட அர்த்தம் முழுசா புரிய 30 வருஷம் ஆச்சு, 1983லதான் அப்படி உடையற கொழுப்புல இருந்து வர்ற ஐபி3ங்கற மூலக்கூறு செல்லுக்குள்ள கால்சியத்தை வெளியேத்துதுன்னு பெரிட்ஜ் குழு காட்டினாங்க. சவ்வுங்கறது வெறும் சுவர் இல்ல, சேதிக்கான கச்சாப்பொருளும் அதுக்குள்ளயே இருக்குன்னு அப்பதான் எல்லாருக்கும் உறைச்சது.

எஸ்1பி கதை இன்னும் சுவாரசியம். 1990ல டிமதி ஹ்லாவும் தாமஸ் மேசியாக்கும், தொப்புள்கொடி சிரையில இருந்து எடுத்த எண்டோதீலியல் செல்லுக்கு ஃபார்பால் எஸ்டர்ங்கற தூண்டு பொருளைக் கொடுத்து, அது உருமாறும்போது எந்த ஜீன் சட்டுனு ஏறுதுன்னு தேடினாங்க. ஒண்ணு கெடச்சது, பாக்க ஜி-புரோட்டீன் ரிசெப்டர் (செல் சவ்வுல இருந்து வெளிச்சேதிய வாங்கி உள்ள சொல்ற புரோட்டீன்) மாதிரியே இருந்துச்சு, எட்ஜ்-1னு பேர் வெச்சாங்க. ஆனா அதை எது தூண்டுதுன்னு யாருக்கும் தெரியல. அனாதை ரிசெப்டர்னு சொல்லுவோமே, அந்த ரகம். எட்டு வருஷம் அப்படியே கெடந்துச்சு. 1998ல ஹ்லா லேப்தான் சயன்ஸ் பத்திரிகைல போட்டாங்க, எட்ஜ்-1ஐ இறுக்கிப் பிடிக்கறது எஸ்1பின்னு, பிடிப்பு 8.1 நானோமோலார், அதாவது ரொம்பக் கம்மியா இருந்தாலே பிடிச்சுக்கும். அதுவரைக்கும் எஸ்1பி செல்லுக்கு உள்ளாரயே வேலை செய்யற தூதுவர்னுதான் பெரும்பாலானவங்க நெனச்சிட்டு இருந்தாங்க. வெளில இருந்து கதவைத் தட்டற ஆளும் அதேதான்னு தெரிஞ்சதும் ஃபீல்டே தெறந்துக்கிச்சு.

அந்த பேப்பர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது படங்கள்தான். எட்ஜ்-1 அதிகமா போட்ட செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு போய் ஒட்டிக்கும், நடுவுல கெடெரின் புரோட்டீன் சேந்து இணைப்பு கட்டும். ரத்தக்குழாய் கசியாம இருக்கறதே இந்த இணைப்பாலதான். இன்னைக்கு அந்த ரிசெப்டருக்குப் பேர் எஸ்1பி ரிசெப்டர்-1.

#3 கடலோடி

நன்றிக்கா, நிஜமா. ஆனா ரெண்டாவது கேள்வி அப்படியே நிக்குது. 8 நானோமோலார்ல பிடிக்குதுன்னா, ரத்தத்துல எஸ்1பி எவ்ளோ இருக்கு? ஒரு ரிவ்யூல மைக்ரோமோலார் (நானோமோலாரை விட ஆயிரம் மடங்கு) பக்கம்னு பாத்தேன். அப்ப ரிசெப்டர் எப்பவுமே நெறஞ்சுதானே இருக்கணும்? எப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்கற மணில என்ன சேதி இருக்கும்?

#4 பிப்பெட்

இதே கேள்விய என் கமிட்டி மீட்டிங்ல என்னையும் கேட்டாங்க ப்ரோ, அதனால நானே சொல்றேன், தப்பிருந்தா நுண்ணோக்கி அக்கா திருத்தட்டும்.

பிளாஸ்மால இருக்கற எஸ்1பி சும்மா தனியா மெதக்கறது இல்ல, கிட்டத்தட்ட எல்லாமே யாரோ ஒரு புரோட்டீன் கைல இருக்கு. சுமார் மூணுல ரெண்டு பங்கு எச்டிஎல்ல (ரத்தத்துல கொழுப்பைத் தூக்கிட்டுப் போற ஒரு வகைத் துகள்), அதுலயும் அப்போஎம்ங்கற ஒரு புரோட்டீனோட குழிக்குள்ள போய் உக்காந்திருக்கும். மீதி ஆல்புமின்ல. 2011ல பிஎன்ஏஎஸ் பத்திரிகைல கிறிஸ்டோஃபர்சன், டால்பேக், ஹ்லா, நீல்சன் எல்லாம் சேந்து போட்ட பேப்பர் அது. அப்போஎம் இல்லாத எலியில எச்டிஎல் இருக்கு, ஆனா அந்த எச்டிஎல்ல எஸ்1பி இல்ல, நுரையீரல் ரத்தக்குழாய் கசிய ஆரம்பிச்சிருச்சு.

அப்புறம் மொத்த அளவை விட வித்தியாசம்தான் முக்கியம். ரத்தத்துலயும் நிணநீர்லயும் எஸ்1பி அதிகம், திசுக்குள்ள ரொம்ப ரொம்பக் கம்மி, ஏன்னா திசு செல்லுங்கள்ல எஸ்1பி லயேஸ் என்சைம் உக்காந்து உடைச்சுத் தள்ளிட்டே இருக்கும். சிவப்பணுக்கு அந்த லயேஸே கெடையாது, தயாரிக்க மட்டும் தெரியும், அதனால அது கொட்டிக்கிட்டே இருக்கும். ரத்தத்துல எஸ்1பிய கொட்டறதுல பெரிய பங்கு சிவப்பணுவுக்குத்தான்னு 2007ல காஃப்லின் லேப் காட்டினாங்க. நாம ஆக்சிஜன் தூக்கற பைன்னு மட்டும் படிச்ச செல், ரத்தக்குழாயைக் கசியாம பாத்துக்கற கொழுப்பையும் சப்ளை பண்ணுதுன்னு படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் வேற எதுவும் ஓடல.

#5 நுண்ணோக்கி

பிப்பெட் சொன்னது எல்லாம் சரி, திருத்த ஒண்ணும் இல்ல. அதோட தொடர்ச்சிய மட்டும் சேத்துக்கறேன். பிளாஸ்மால எஸ்1பியே இல்லாத எலிகளை 2009ல சோதிச்சாங்க. சும்மா இருக்கும்போதே குழாய் கசியுது, அனஃபைலாக்சிஸ் (உடம்பு முழுக்க வர்ற கடும் அலர்ஜி) உண்டாக்கினா சாதாரண எலி தாங்கறதை இது தாங்காம செத்துப்போகுது. அதே எலிக்கு நல்ல சிவப்பணுவை ஏத்தினா கசிவு நின்னுடுது. அதனால கடலோடி, "எப்பவும் அடிக்கற மணி"ன்னு நீங்க சொன்னது எண்டோதீலியத்துக்குப் பொருந்தும், அதுக்கு அந்த மணி ஓயாம அடிக்கணும், நின்னாத்தான் ஆபத்து. குழாய்க்குள்ள நாம இருக்கோம், ரத்தம் ஓடுது, இறுக்கிப் பிடின்னு அதுக்குத் தெரியற வழிகள்ல அதுவும் ஒண்ணு. அந்த ரிசெப்டரே இல்லாத எலிக்கரு 12ல இருந்து 14 நாளுக்குள்ள ரத்தக்கசிவுல செத்துடும், 2000ல ப்ரோயா, ஹ்லா லேப்கள் சேந்து காட்டினது. குழாய் உருவாகுது, ஆனா சுத்தி வந்து போர்த்தவேண்டிய தசைச்செல் வந்து சேரல.

வெள்ளையணுவுக்குக் கதை வேற, அதுக்கு வித்தியாசம்தான் சேதி. அதை மருந்து பத்திப் பேச்சு வரும்போது சொல்றேன்.

#6 எதிர்வழி

நல்லா எழுதறீங்க, படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு விஷயம் நேரடியா கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எச்டிஎல் நல்ல கொழுப்புன்னு எத்தனை வருஷம் சொன்னாங்க? அதை ஏத்தினா ஹார்ட் அட்டாக் கொறையும்னு எத்தனை மருந்து வந்துச்சு? டார்செட்ராபிப் எச்டிஎல்லை 72 சதவீதம் ஏத்துச்சு, 15,000 பேர் சோதனைல சாவு கூடிருச்சு, 2006 டிசம்பர்ல நிறுத்தினாங்க. டால்செட்ராபிப் 2012ல ஒண்ணும் இல்லன்னு ஆச்சு. நியாசின் 2011ல. 2012ல லான்செட்ல ஜெனடிக்ஸ் பேப்பர், பிறவியிலயே எச்டிஎல் கூட இருக்கற ஜீன் வகை உள்ளவங்களுக்கும் மாரடைப்பு கொறையல. கடைசியா சிஎஸ்எல்112ன்னு எச்டிஎல்லோட முக்கிய புரோட்டீனையே ஊசில ஏத்திப் பாத்தாங்க, 2024ல அதுவும் இலக்கைத் தொடல. இப்ப அதே எச்டிஎல்லை எஸ்1பின்னு புது சட்டை போட்டுக் கூட்டிட்டு வர்றீங்களோன்னு ஒரு சந்தேகம். தோத்த கருதுகோளுக்கு உயிர் கொடுக்கறது விஞ்ஞானத்துல புதுசு இல்லையே.

#7 நாடித்துடிப்பு

கார்டியாலஜி ட்ரெயினிங்ல இருக்கேன். எதிர்வழி சார் சொன்ன ட்ரையல் எல்லாம் உண்மை. வார்டுல இன்னைக்கும் ரிப்போர்ட்டைப் பாத்து "டாக்டர் எனக்கு நல்ல கொழுப்பு அதிகமா இருக்கு, பயப்படவேண்டாம்ல"ன்னு கேக்கறாங்க, அவங்க எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, எகிறிக் கெடக்கும். அந்த நம்பரைப் பாத்து யாரும் நிம்மதி ஆகக்கூடாதுங்கறதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. டார்செட்ராபிப்ல ரத்த அழுத்தம் ஏறினது, ஆல்டோஸ்டிரோன் ஏறினதுன்னு அந்த மருந்துக்கே உரிய கோளாறும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். ஆனா ஒரு மருந்தோட கோளாறை வெச்சு எல்லாத் தோல்வியையும் விளக்கிட முடியாது.

#8 நுண்ணோக்கி

எதிர்வழி, கோவிச்சுக்க ஒண்ணுமே இல்ல, இந்தக் கேள்விதான் இந்த ஃபீல்டோட நடு மையம். நான் சொல்ல வர்றதே அதுதான், எச்டிஎல்னு ஒரே நம்பரா எண்ணினது தப்பு.

லேப் ரிப்போர்ட்ல வர்றது எச்டிஎல்லோட கொலஸ்ட்ரால் அளவு. அந்தத் துகள் என்னென்ன தூக்கிட்டு வருதுன்னு அதுல ஒரு வரி கூட இருக்காது. எச்டிஎல் துகள்ல அப்போஎம் இருக்கறது சுமார் 5 சதவீதத்துலதான். அந்த 5 சதவீதம்தான் பிளாஸ்மா எஸ்1பில பெரும்பங்கைத் தூக்குது. நீங்க மருந்து கொடுத்து மொத்த எச்டிஎல் கொலஸ்ட்ராலை 72 சதவீதம் ஏத்தினா இந்த 5 சதவீதத் துகள் கூடுச்சா கொறஞ்சுதான்னு எப்படித் தெரியும்? அந்த நம்பர் சொல்லாது. கரோனரி நோய் உள்ளவங்ககிட்ட எச்டிஎல்ல ஏறியிருக்கற எஸ்1பி கொறைவா இருக்குன்னு பாத்திருக்காங்க, அவங்க எச்டிஎல் நம்பரை மட்டும் பாத்தா அது புலப்படாது.

இப்ப நான் உயிரா நெனைக்கற விஷயத்துக்கு வர்றேன். அதே எஸ்1பி, அதே ரிசெப்டர், அதே செல். தூக்கிட்டு வர்ற ஆள் மட்டும் மாறினா விளைவு மாறுது. ஆல்புமின் கொண்டு வந்தாலும் எச்டிஎல் கொண்டு வந்தாலும் தடுப்புச்சுவர் இறுகும், ஆனா எச்டிஎல் கொண்டு வந்தா அந்த இறுக்கம் ரொம்ப நேரம் நிக்கும். 2015ல ஹ்லா குழு இன்னொண்ணு காட்டினாங்க. எண்டோதீலியல் செல்லுக்கு டிஎன்எஃப்ங்கற அழற்சிப் புரோட்டீனைக் கொடுத்து அழற்சியைக் கெளப்பிட்டு, எச்டிஎல்-எஸ்1பி கொடுத்தா ஐகேம்-1ன்னு சொல்ற ஒட்டும் புரோட்டீன் அடங்குது. ஆல்புமின்-எஸ்1பி கொடுத்தா அப்படி அடங்கல. ரிசெப்டருக்கு உள்பக்கம் பீட்டா-அரெஸ்டின்-2ங்கற புரோட்டீன் வழியா போற பாதையை எச்டிஎல் காரன் தனியா தெறக்கறான். ஒரே கடுதாசி, யார் கைல குடுத்து அனுப்பினோம்ங்கறதைப் பொறுத்து வீட்ல வேற வேற நடவடிக்கைன்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

கொழுப்பு ரத்தத்துல எவ்ளோங்கறதை மட்டும் அளந்தா போதும்னு நாம இத்தனை காலம் பழகிட்டோம். யார் தூக்கறாங்க, எந்தச் செல்லுல எந்த ரிசெப்டர்கிட்ட குடுக்கறாங்கன்னு கேக்காம இந்தத் துறைல ஒரு அடி நகர முடியாது. என்னோட வாதம் மொத்தமும் இவ்ளோதான்.

#9 எதிர்வழி

மேற்கோள்: "எச்டிஎல்னு ஒரே நம்பரா எண்ணினது தப்பு."

சரி, இது எடுபடற வாதம். ஆனா பரிசோதிக்கக்கூடியதா இருக்கணும்ல. அப்போஎம் துகளை மட்டும் கூட்டினா நன்மை வரணும். வந்துச்சா?

#10 நுண்ணோக்கி

எலியில வந்துச்சு. மனுஷன்ல இனிமேதான். 2017ல ஹ்லா குழு அப்போஎம்மை ஆன்டிபாடியோட வால் பகுதியோட ஒட்டி அப்போஎம்-எஃப்சின்னு ஒண்ணு செஞ்சாங்க, ரத்தத்துல சீக்கிரம் கரைஞ்சு போகாம இருக்கறதுக்காக. அதுல எஸ்1பிய ஏத்திக் கொடுத்தா ரத்த அழுத்தம் ஏத்திவெச்ச எலிகளுக்கு அழுத்தம் எறங்குச்சு, இதயத்துக்கு ரத்தத்தை அடைச்சுத் திரும்ப விட்டா வர்ற சேதம் கொறஞ்சுது, ஸ்ட்ரோக் மாடல்லயும் மூளைல பாதிச்ச பகுதி சுருங்கிச்சு. எனக்கு இதுல பெருசாப்பட்டது இன்னொண்ணு, ரத்தத்துல லிம்போசைட் எண்ணிக்கை மாறவே இல்ல. எஸ்1பி ரிசெப்டரைத் தொடற மாத்திரைங்க எல்லாம் லிம்போசைட்டைக் கொறைச்சுடும், இது எண்டோதீலியத்தை மட்டும் தொட்டுட்டு வந்துருச்சு. எலிக்கும் மனுஷனுக்கும் நடுவுல எத்தனை மருந்து விழுந்து போயிருக்குன்னு எனக்கும் தெரியும், அதனால அதுக்கு மேல நான் பேசல.

#11 மழைத்துளி

நான் இந்தத் துறை இல்ல, தேடிட்டே வந்து இந்த இழைல நின்னுட்டேன். என் தங்கச்சிக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்எஸ்). ஃபிங்கோலிமாட் ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லிருக்கார். மொத மாத்திரையை வீட்ல போடக்கூடாது, ஆஸ்பத்திரில உக்கார வெச்சு ஆறு மணி நேரம் பாக்கணும்னு சொன்னதும் அவ பயந்துட்டா. நரம்பு நோய்க்கு மருந்து, எதுக்கு இதயத்தைப் பாக்கறாங்க, அப்புறம் கண்ணையும் ஏன் டெஸ்ட் பண்றாங்க? இதுவும் நீங்க பேசற எஸ்1பி சம்பந்தப்பட்டதுதான்னு ஒரு எடத்துல படிச்சேன். புரியற மாதிரி யாராவது சொல்லுங்களேன், அவளுக்கு நான் சொல்லணும்.

#12 நாடித்துடிப்பு

மழைத்துளி அக்கா, தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அந்த ஆறு மணி நேரம் அந்த மருந்துக்கான வழக்கமான ஏற்பாடு, அவங்களுக்கு மட்டும் ஏதோ ஆபத்துன்னு அர்த்தம் இல்ல. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தற செல்லுங்கள்லயும் இந்த எஸ்1பி ரிசெப்டர் இருக்கு. மாத்திரை உடம்புக்குள்ள போய் பாஸ்பேட் ஏறி எஸ்1பி மாதிரியே வேஷம் போடும், போட்டதும் மொதல்ல ரிசெப்டரைத் தூண்டும், அதனால துடிப்பு கொஞ்சம் கொறையும். பொதுவா நாலஞ்சு மணி நேரத்துல அதிகபட்சமா எறங்கி அப்புறம் மேல வர ஆரம்பிக்கும். அதுக்குத்தான் மணிக்கொரு தரம் நாடியும் பிபியும் பாத்து, முன்னாடியும் கடைசிலயும் ஈசிஜி எடுப்பாங்க. ஏற்கனவே இதயத்துல பிளாக் மாதிரி ஏதாவது இருந்தா, துடிப்பைக் கொறைக்கற வேற மாத்திரை எடுத்தா கண்டிப்பா முன்னாடியே சொல்லிடணும். நடுவுல சில நாள் விட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சாலும் இந்தக் கண்காணிப்பு திரும்பத் தேவைப்படலாம், அதனால டோஸ் விட்டுப்போனா தானா ஆரம்பிக்காம டாக்டரைக் கேளுங்க.

கண்ணு விஷயம் விழித்திரை நடுவுல நீர் கோக்கற மாகுலர் எடீமா. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் மூணு நாலு மாசத்துல ஒரு தடவை பாப்பாங்க. சர்க்கரை நோய் இருக்கறவங்களுக்கு இந்த வாய்ப்பு கொஞ்சம் கூட. சின்னம்மை எதிர்ப்பு இருக்கான்னு ரத்தத்துலயும் பாப்பாங்க.

#13 நுண்ணோக்கி

மழைத்துளி, இந்த மாத்திரை எப்படி வந்துச்சுன்னு தங்கச்சிக்குச் சொல்லுங்க, அவங்களுக்குப் பிடிக்கும்.

ஜப்பான்ல க்யோட்டோ பல்கலைக்கழகத்துல டெட்சுரோ ஃபுஜிட்டா குழு, பூச்சிமேல வளர்ற ஐசேரியா சின்க்ளேரிங்கற பூஞ்சைல இருந்து மிரியோசின்னு ஒரு பொருள் எடுத்தாங்க, நோயெதிர்ப்பை அடக்கற மருந்து தேடித்தான். மிரியோசின் ரொம்ப விஷம். அதோட அமைப்பைச் சுருக்கி, மாத்தி மாத்தி 1990கள்ல எஃப்டிஒய்720 செஞ்சாங்க, அதுதான் இன்னைக்கு ஃபிங்கோலிமாட். மூலப்பொருள் ஸ்பிங்கோலிப்பிட் தயாரிக்கற மொத என்சைமைத் தடுக்கும், ஆனா புதுசா செஞ்சது அந்த என்சைமைத் தொடவே இல்ல. பின்ன எப்படி வேலை செய்யுது? லிம்போசைட் ரத்தத்துல இருந்து காணாம போகுது, சாகவும் இல்ல. எங்க போச்சுன்னு பாத்தா நிணநீர்க் கணுவுக்குள்ள பத்திரமா உக்காந்திருக்கு. 2002ல பதில் கெடச்சது, உடம்புல பாஸ்பேட் ஏறின எஃப்டிஒய்720, எஸ்1பி ரிசெப்டர்களைப் பிடிக்குது. 2004ல சிஸ்டர் லேப் (ஜேசன் சிஸ்டர்) எஸ்1பி ரிசெப்டர்-1 இல்லாத லிம்போசைட் கணுவை விட்டு வெளிய வரவே வராதுன்னு காட்டினாங்க.

இப்பதான் நான் #5ல பாக்கி வெச்ச விஷயம். லிம்போசைட் ரத்தத்துல சுத்தும்போது எஸ்1பி அதிகம், அதனால அதோட ரிசெப்டர் உள்ள இழுத்துக்கும். கணுவுக்குள்ள போனா எஸ்1பி கம்மி, கொஞ்ச நேரத்துல ரிசெப்டர் மறுபடி மேல வரும். வந்ததும் எஸ்1பி அதிகமா இருக்கற பக்கம் தெரியும், அந்தப் பக்கமா நடந்து வெளிய போயிடும். மாத்திரை என்ன பண்ணுதுன்னா, தூண்டித் தூண்டி ரிசெப்டரை உள்ள தள்ளி அழிச்சுடுது, லிம்போசைட்டுக்கு வெளிய போற தெசையே தெரியாம போகுது. மூளைக்குப் போய் நரம்புறையைத் தாக்கவேண்டிய செல் கணுலயே தங்கிடுது. வருஷத்துக்கு சராசரி தாக்குதல், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத மாத்திரை எடுத்தவங்களுக்கு 0.40, 0.5 மில்லிகிராம் ஃபிங்கோலிமாட் எடுத்தவங்களுக்கு 0.18, 2010ல வந்த ட்ரையல். அதே வருஷம் அமெரிக்கால அனுமதி, எம்எஸ்க்கு வாய்வழியா நோயோட போக்கையே மாத்தற மொத மருந்து.

கண்ணுல நீர் கோக்கறதுக்கும் இதே காரணமாத்தான் இருக்கணும்னு நெனைக்கறாங்க. லிம்போசைட்ல அழியற அதே ரிசெப்டர் எண்டோதீலியத்துலயும் அழிஞ்சா, சுவர் தளரும், நுண்குழாய் கசியும். நன்மையும் பக்கவிளைவும் ஒரே ரிசெப்டர்ல இருந்து, வேற வேற செல்லுல.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன், நல்லாருக்குன்னு தானா நிறுத்திடக் கூடாது. நிறுத்தினதும் நோய் முன்னை விட மோசமா திரும்பறது சிலருக்கு நடந்திருக்கு, 2018ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அதுக்குன்னு தனியா எச்சரிக்கையே விட்டாங்க. நிறுத்தறதா இருந்தா டாக்டர் அடுத்த மருந்துக்குத் திட்டம் போட்டுத்தான் நிறுத்துவார்.

#14 மழைத்துளி

ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. செல்லுங்க சாகல, உள்ளயே தங்கிடுதுங்கறதை அவகிட்ட வாசிச்சுக் காமிச்சேன். "அப்ப நிறுத்தினா திரும்ப வந்துடுமா"ன்னு கேட்டா.

#15 நாடித்துடிப்பு

வரும் அக்கா, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மாசத்துல எண்ணிக்கை பழைய நெலமைக்கு வந்துரும். மாத்திரை எடுக்கற வரைக்கும் ரத்தத்துல லிம்போசைட் கொறைவாத்தான் காட்டும், அதைப் பாத்து வேற டாக்டர் யாராவது பதறினா மருந்துப் பேரைச் சொல்லிடுங்க. காய்ச்சல் வந்தா மட்டும் தள்ளிப்போடாம காட்டணும்.

#16 குப்பிமருந்து

ஃபார்மசிஸ்ட் நான். நுண்ணோக்கி மேடம் #8ல சொன்ன "எந்தச் செல்லுல, யார் கைல"ங்கறது எஸ்1பிக்கு மட்டும் இல்ல, நாங்க தெனம் எடுத்துக் குடுக்கற ஆஸ்பிரினுக்கும் அப்படியே பொருந்தும்.

சவ்வுல இருந்து அராக்கிடோனிக் அமிலம் கழண்டு வருது, காக்ஸ் என்சைம் அதை ப்ராஸ்டாக்ளாண்டின் எச்2ன்னு ஒரு இடைப்பொருளா மாத்துது. இது வரைக்கும் எல்லா எடத்துலயும் ஒண்ணுதான். பிளேட்லெட்ல அது த்ராம்பாக்சேன் ஆகும், ரத்தத்தை உறைய வெக்கும், குழாயைச் சுருக்கும், அதோட அரை ஆயுள் அரை நிமிஷம்தான். எண்டோதீலியத்துல அதே எச்2 ப்ராஸ்டாசைக்ளின் ஆகும், உறையவிடாம தடுக்கும், குழாயை விரிக்கும். 1975ல சாமுவெல்சன் குழு த்ராம்பாக்சேனைக் கண்டுபிடிச்சாங்க, 1976ல வேன் குழு ப்ராஸ்டாசைக்ளினை, 1982ல பெர்க்ஸ்ட்ரோமோட சேத்து நோபல். ஆஸ்பிரின் காக்ஸ்-1ஓட ஒரு செரின்ல அசிட்டைல் குழுவை ஒட்டிட்டுப் போயிடும், அந்த என்சைம் அவ்ளோதான். எண்டோதீலியல் செல்லுக்கு நியூக்ளியஸ் இருக்கு, புதுசா செஞ்சுக்கும். பிளேட்லெட்டுக்கு நியூக்ளியஸ் இல்ல, அதோட ஆயுள் முழுக்க, ஏழுல இருந்து பத்து நாள், முடங்கியே கெடக்கும். தெனம் ஒரு சின்ன டோஸ் போதும்ங்கறது இதனாலதான்.

இதை மறந்ததோட விலை ராஃபெகாக்சிப்ங்கற வலி மாத்திரை. காக்ஸ்-2ஐ மட்டும் தடுத்தா வயிறு புண்ணாகாதுன்னு 1999ல வந்துச்சு, வயித்துக்கு நல்லதாத்தான் இருந்துச்சு. ஆனா குழாய் சுவர்ல ப்ராஸ்டாசைக்ளின் வர்றதுல காக்ஸ்-2க்குப் பெரிய பங்கு, அது நின்னுச்சு, பிளேட்லெட்ல காக்ஸ்-1 த்ராம்பாக்சேனைப் பண்ணிட்டே இருந்துச்சு. மாரடைப்பும் ஸ்ட்ரோக்கும் கூடிச்சு, 2004 செப்டம்பர் 30 அன்னைக்கு மெர்க் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. எத்தனை குடும்பம். கொழுப்புச் சேதியோட வரைபடம் முழுசா தெரியாம ஒரு கிளையை மட்டும் வெட்டினா என்ன ஆகும்ங்கறதுக்கு இதை விடப் பாடம் வேண்டாம்.

#17 பிப்பெட்

சார் இதுல இன்னொரு இணைப்பு இருக்கு, மனுஷ காக்ஸ்-2 ஜீனை 1992ல க்ளோன் பண்ணவங்கள்ல ஒருத்தர் #2ல வந்த அதே ஹ்லாதான், நீல்சன்ங்கறவரோட சேந்து (#4ல வந்த நீல்சன் வேற ஆள்). அதுவும் எண்டோதீலியல் செல்லுல இருந்துதான். ஒரே செல்லைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு அது என்னென்ன கொழுப்பைப் பேசுது, எதைக் கேக்குதுன்னு இவ்ளோ வருஷம் தோண்டறது பெரிய விஷயம்.

#18 எதிர்வழி

ஃபார்மசிஸ்ட் நண்பர் சொன்னது என் கவலையைக் கூட்டிருச்சு. எஸ்1பியக் கூட்டினா குழாய்க்கு நல்லதுன்னே வெச்சுக்குவோம். இதே எஸ்1பி கேன்சர் செல்லு சாகாம இருக்கவும் உதவும்னு படிச்சேன். அப்ப கூட்டறதா கொறைக்கறதா? நாளைக்கு யாராவது எஸ்1பி பூஸ்டர்னு டப்பால போட்டு விக்கவும் ஆரம்பிப்பாங்க.

#19 நுண்ணோக்கி

கேன்சர் விஷயம் சரியான கவலை. எஸ்1பியோட சொந்தக்காரக் கொழுப்பு செராமைடு கூடினா செல் சாகற பக்கம், எஸ்1பி கூடினா பொழைக்கற பக்கம்னு 1996லயே சாரா ஸ்பீகல் குழு நேச்சர்ல சொன்னாங்க. பல கட்டிகள்ல எஸ்1பிய தயாரிக்கற என்சைம் ஸ்பிங்கோசின் கைனேஸ்-1 கூடித்தான் இருக்கு. எஸ்1பியோட ரிசெப்டர் மொத்தம் அஞ்சு வகை. ஒண்ணாம் நம்பர் சுவரை இறுக்கும், ரெண்டாம் நம்பர் ரோங்கற புரோட்டீன் வழியா அதே சுவரைத் தளர்த்தும். ஆனா அதே ரெண்டாம் நம்பர் இல்லாத எலிக்குக் காது கேக்காது, உள்காது ரத்தக்குழாய் கெட்டுப்போறதால. எந்த ஒண்ணையும் நல்லது கெட்டதுன்னு முத்திரை குத்தவே முடியாது. அதனாலதான் உடம்பு முழுக்க எஸ்1பியக் கூட்டற யோசனைல எனக்கு நம்பிக்கை இல்ல, எண்டோதீலியத்துக்கு மட்டும் கொண்டுபோய்க் குடுக்கற தூக்கு ஆளை மாத்தற யோசனைல இருக்கு.

டப்பா விஷயம்: வாயால சாப்பிடற ஸ்பிங்கோலிப்பிட் குடல்லயே உடைஞ்சுடும், முழுசா எஸ்1பியா ரத்தத்துக்குப் போகாது. ஆனா சாப்பாடு இந்த அமைப்பைத் தொடவே தொடாதுன்னும் சொல்லிட முடியாது. கேரமல் நிறமி ஒரு வகைல டிஎச்ஐன்னு ஒரு மூலக்கூறு இருக்கு, எலிக்குக் குடுத்தா லிம்போசைட் கொறையும்னு ரொம்ப நாளாத் தெரியும், காரணம் தெரியல. 2005ல சிஸ்டர் லேப்தான் கண்டுபிடிச்சாங்க, அது எஸ்1பி லயேஸைத் தடுக்குது, திசுக்குள்ள எஸ்1பி ஏறிடுது, வித்தியாசம் அழிஞ்சதும் லிம்போசைட்டுக்கு வெளிய போற வழி தெரியல. அளவைக் கூட்டறதும் வித்தியாசத்தைக் காப்பாத்தறதும் ஒண்ணு இல்லங்கறதுக்கு இதை விட நேரடியா ஒரு சோதனை நான் படிச்சதில்ல.

#20 எதிர்வழி

சரி. இந்தப் பதிலை ஏத்துக்கறேன். மனுஷ ட்ரையல் வர்ற வரைக்கும் என் கேள்வியை எடுத்து ஓரமா வெக்கறேன், தூக்கிப் போடல.

#21 கடலோடி

நான் கேட்டது மூணு வரி, வந்தது ஒரு கோர்ஸ். அந்த லேப்புக்கு மெயில் போட்டுட்டேன், அடுத்த வாரம் பேசறாங்க. அவங்க ப்ராஜெக்ட்ல நோயாளிகளோட ரத்தத்துல எஸ்1பி அளக்கறதும் இருக்கு. பிப்பெட் ப்ரோ, நுண்ணோக்கி அக்கா, அளக்கறதுல எதைப் பாத்து இருக்கணும்? போட்டுக் குழப்பிட்டு நிக்கக் கூடாது.

#22 பிப்பெட்

ப்ரோ மொத விஷயம், சீரம் வேண்டாம், பிளாஸ்மா எடு. ரத்தம் உறையும்போது பிளேட்லெட் தன்கிட்ட இருக்கற எஸ்1பிய எல்லாம் கொட்டிடும், சீரம்ல வர்ற நம்பர் நோயாளியோட நம்பர் இல்ல, டியூபுக்குள்ள நடந்த கூத்தோட நம்பர். பழைய பேப்பர் ரெண்டை ஒப்பிடறப்ப ஒண்ணு சீரம் ஒண்ணு பிளாஸ்மான்னா அந்த ஒப்பீட்டை விட்டுடு.

அப்புறம் செல்லுக்குப் போடற எஸ்1பி பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். வெறும் பஃபர்ல கரைச்சு டிப் வழியா எறக்கினா பாதி சுவர்லயே நின்னுடும், அதனால கொழுப்பமிலம் நீக்கின ஆல்புமின்ல ஏத்தித்தான் குடுப்போம். அப்படிக் குடுத்த அந்த நிமிஷமே நீ தூக்கற ஆளைத் தேர்ந்தெடுத்துட்ட, ஞாபகம் இருக்கட்டும், #8ஐத் திரும்பப் படி. எச்டிஎல்லோட ஒப்பிடணும்னா ரெண்டுலயும் எஸ்1பி எவ்ளோ ஏறிருக்குன்னு மாஸ் ஸ்பெக்ல அளந்து சமமாக்கிட்டுத்தான் செல்லுல ஊத்தணும். கல்ச்சர் மீடியத்துல இருக்கற சாதா சீரம்லயும் எஸ்1பி இருக்கும், கரியில வடிகட்டின சீரம் வெச்சுக்க, இல்லன்னா உன் கன்ட்ரோல் குழிலயே ரிசெப்டர் ஏற்கனவே உள்ள போயிருக்கும்.

தடுப்புச்சுவர் அளக்க தங்க எலெக்ட்ரோட் தட்டு வெச்சிருப்பாங்க, செல்லு அடர்த்தியா மூடினதும் மின்தடை ஏறும், எஸ்1பி போட்ட சில நிமிஷத்துலயே கோடு மேல எழும்பும். த்ராம்பின் போட்டா சரிஞ்சு விழும். மொத தடவை அந்தக் கோடு எழும்பறதைப் பாக்கறப்ப பக்கத்துல யாரையாவது கூப்பிடத் தோணும் பாரு.

#23 நுண்ணோக்கி

பிப்பெட் சொன்னதோட ரத்தம் எடுக்கற எடத்தையும் சேத்துக்கோங்க. சிவப்பணுக்குள்ள எஸ்1பி குமிஞ்சு கெடக்கு. மெல்லிசான ஊசில வேகமா இழுத்து செல் உடைஞ்சா, டியூபைக் குலுக்கினா, பிளாஸ்மா பிரிக்காம மேசைமேல விட்டு வெச்சா, எல்லாம் வெளிய வந்து கலந்துடும். உறையாம இருக்க ஈடிடிஏ போடறதா சிட்ரேட் போடறதான்னு லேப்புக்கு லேப் மாறும், எதுவா இருந்தாலும் கடைசி நோயாளி வரைக்கும் ஒண்ணையே வெச்சுக்கோங்க. எடுத்ததும் ஐஸ்ல வெச்சு சீக்கிரம் சுத்துங்க, அடில பிளேட்லெட்டைக் கலக்கி எடுத்துடாம மேல்பாகத்தை மட்டும் எடுத்து இன்னொரு தடவை சுத்துங்க, சின்னச் சின்னதா பிரிச்சு மைனஸ் 80ல போடுங்க, உருக்கி உருக்கித் திரும்ப உறைய வெக்க வேண்டாம்.

வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, பிளாஸ்மா வைக்கோல் மஞ்சளா இருக்கணும். லேசா ரோஸ் நிறம் தட்டினாலும் அந்தச் சாம்பிளை ஒதுக்கிட்டு, ஏன் ஒதுக்கினீங்கன்னு நோட்டுல எழுதிடுங்க. நேர்காணல்ல இதை அவங்க கேக்கலைன்னா நீங்க அவங்களைக் கேளுங்க, சாம்பிள் எப்படி எடுக்கறீங்கன்னு. பதில் சொல்ற விதத்துலயே அந்த லேப் எப்படின்னு தெரிஞ்சுடும்.